தொட்டியில் வளரும் கறி: வாசகர் கேள்வி பதில்

ஆடு, கோழியை அறுக்காமல் அவற்றின் செல்களைத் தொட்டியில் பெருக்கி இறைச்சி ஆக்குவது பற்றி வந்த கடிதங்களில், ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

சிங்கப்பூர்க் கடையில் விற்ற ஆய்வகக் கோழியில் கோழிச் செல் 3 சதவீதம்தான் என்கிறார்களே, உண்மையா? மீதி 97 என்ன?
*வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்*

உண்மைதான். 2024 மே மாதம் ஹூபர்ஸ் கறிக்கடையில் உறைய வைத்த பாக்கெட்டாக விற்பனைக்கு வந்த ‘குட் மீட் 3’ அது. 3 சதவீதம் என்பதை மறைக்கவில்லை. அப்போது 120 கிராம் பாக்கெட் 7.20 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்). அதில் கோழிச் செல் 3.6 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிகூட நிறையாது. மீதியில் பெரும்பங்கு தாவரப் புரதம்.

சிங்கப்பூர் உலகில் முதல் நாடாக 2020 டிசம்பரில் அனுமதி கொடுத்தபோது உணவகத்தில் பரிமாறப்பட்ட கோழித் துண்டுகளில் செல்லின் பங்கு பாதிக்கு மேல் இருந்தது. ஆனால் அன்று தட்டு ஒன்றை விற்க விற்க நிறுவனத்துக்கு நஷ்டம். கடை அலமாரிக்கு வரும் விலையில் விற்க வேண்டுமென்றால் செல்லைக் குறைப்பதைத் தவிர வழியில்லை என்று ஆனது. 3 சதவீதத்தில் கோழி வாசனையும் கொஞ்சம் கொழுப்புச் சுவையும் ஏறும்; நார் நாராகப் பிய்யும் தன்மை முழுக்கத் தாவரப் புரதத்தின் வேலை. இந்தத் தொழில் இன்று எங்கே நிற்கிறது என்பதை எந்த விளம்பரத்தைவிடவும் அந்த லேபிள் நேர்மையாகச் சொல்கிறது.

ஒரு செல் எப்படி ஒரு கிலோ கறி ஆகிறது? கணக்கோடு சொல்லுங்கள்.
*பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்*

தசையில் ‘சேட்டிலைட் செல்’ என்று ஒரு வகை உண்டு. தசையில் காயம் பட்டால் விழித்துக்கொண்டு பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புதுத் தசை நாராக மாறுவது இதன் தொழில். மாட்டிறைச்சி முயற்சிகளில் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள். கோழியில் இணைப்புத் திசுவின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல் அதிகம் பயன்படுகிறது. அது எளிதில் பெருகும், தொட்டியில் மிதந்தபடியே வளரப் பழகிக்கொள்ளும்.

இனி கணக்கு. ஒரு செல்லின் எடை சுமார் 3 நானோகிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 33,000 கோடி செல் வேண்டும். 10 லட்சம் செல்லில் தொடங்கினால் 18 அல்லது 19 முறை இரட்டிக்க வேண்டும். நன்றாக வளரும் செல் ஒருமுறை இரட்டிக்க ஒரு நாள் எடுக்கும். ஆக மூன்று வாரத்துக்குள் ஒரு கிலோ. இதைக் கேட்கும் எல்லாரும் முதலில் அசந்து போவார்கள்.

இடறுவது இடத்தில்தான். ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் ஒரு கோடி செல் வரை வளர்த்தாலே நல்ல விளைச்சல். அப்படியானால் லிட்டருக்கு 30 கிராம், ஒரு கிலோவுக்கு 33 லிட்டர் வளர்ப்புத் திரவம். அந்தத் திரவத்தில் குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், வைட்டமின், உப்பு, இவற்றோடு ‘பெருகு’ என்று செல்லுக்குக் கட்டளையிடும் வளர்ச்சிக் காரணிப் புரதங்களும் வேண்டும். வெப்பம் 37 டிகிரி (கோழிக்குச் சற்றுக் கூடுதல்), கார அமில அளவு 7.2 முதல் 7.4, ஆக்சிஜன் இடைவிடாமல். திரவத்தின் விலை லிட்டருக்கு 100 ரூபாய் என்றால் கிலோவுக்குத் திரவச் செலவே 3,300 ரூபாய். 10 ரூபாய்க்கு இறக்கினாலும் 330. மின்சாரம், ஆள், தொட்டி, வட்டி எல்லாம் இதற்கு மேல். நடுவில் குளுக்கோஸ் தீர்ந்து மீண்டும் ஊட்ட வேண்டிவரும். அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

அடர்த்தியை இரண்டு கோடி, ஐந்து கோடி என்று ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். செல் தின்றால் கழிக்கும். குளுட்டமினிலிருந்து அம்மோனியாவும், குளுக்கோஸிலிருந்து லாக்டிக் அமிலமும் திரவத்தில் சேரும். அம்மோனியா லிட்டருக்கு 5 மில்லிமோலை நெருங்கும்போது பல செல் வகைகளில் வளர்ச்சி மந்தமாகிவிடும். உடம்புக்குள் இந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தொட்டியில் பழைய திரவத்தை வடித்துப் புதியதை விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வடிகட்டி, பம்பு, இன்னும் நிறையத் திரவம். கிலோ விலை மறுபடி ஏறும்.

சரி, நல்லி எலும்போடு பிரியாணிக்கு எப்போது வரும்?
*வாசகர், ஆம்பூர்*

நல்லிக்கு வழியில்லை. கைமாவும் கோலா உருண்டையும் வேண்டுமானால் கேளுங்கள், அவைதான் முதலில் சாத்தியம். காரணம் ஆக்சிஜன். ரத்தக் குழாய் இல்லாத திசுவுக்குள் ஆக்சிஜன் 100 முதல் 200 மைக்ரான் ஆழம்தான் ஊடுருவும். அதற்கு உள்ளே இருக்கும் செல் மூச்சு முட்டிச் செத்துவிடும். 200 மைக்ரான் என்பது கால் மில்லிமீட்டர்கூட இல்லை. ஆகவே தொட்டியிலிருந்து கிடைப்பது இட்லி மாவு பதத்தில் ஒரு செல் விழுது. அதைத் துண்டாக்க, செல் பற்றிக்கொண்டு வளரத் தாங்குசட்டம் போன்ற ‘சாரம்’ வேண்டும். இஸ்ரேலில் சோயாப் புரதத்தைச் சாரமாகப் போட்டு மாட்டுச் செல்லை வளர்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் கீரை இலையிலிருந்து செல்களைக் கழுவி எடுத்துவிட்டு, மிச்சமிருந்த நரம்பு வலைப்பின்னலில் மாட்டுத் தசைச் செல்லை ஏற்றிப் பார்த்தார்கள்.

2013 ஆகஸ்டில் லண்டனில் நெதர்லாந்து விஞ்ஞானி மார்க் போஸ்ட் காட்டிய உலகின் முதல் ஆய்வக பர்கரும் கைமாதான். சுமார் 20,000 மெல்லிய தசை இழைகளைத் தனித்தனியாக வளர்த்துச் சேர்த்தது. செலவு இரண்டரை லட்சம் யூரோ. வளர்த்த தசையில், சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் புரதம் குறைவு என்பதால் வெளிறிப்போய் இருந்தது. பீட்ரூட் சாறும் குங்குமப்பூவும் சேர்த்துத்தான் நிறம் கொண்டுவந்தார்கள். ருசித்தவர்கள் கொழுப்பு இல்லை என்று குறை சொன்னார்கள். அதன் பிறகுதான் கொழுப்புச் செல்லைத் தனியே வளர்ப்பதில் பலரும் இறங்கினார்கள்; பன்றிக் கொழுப்பு மட்டும் வளர்க்கும் நிறுவனமே இன்று இருக்கிறது.

ஐயா, 5,000 குஞ்சு விடும் ஷெட் வைத்திருக்கிறேன். கம்பெனிக்கு ஒப்பந்தத்தில் வளர்த்துக் கொடுக்கிறேன். வங்கிக் கடன் வாங்கி இன்னொரு ஷெட் போடலாமா, இந்த ஆய்வகக் கறி வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுமா?
*கறிக்கோழிப் பண்ணையாளர், பல்லடம்*

உங்கள் ஷெட்டையே அளவுகோலாக வைத்துப் பார்ப்போம். 5,000 குஞ்சில் 4 சதவீதம் இறப்பு போக 4,800 தேறும். 42 நாளில் சராசரி 2 கிலோ என்றால் உயிர் எடை 9,600 கிலோ. தீவன மாற்று விகிதம் 1.6 என்றால் சுமார் பதினைந்தரை டன் தீவனம். உரித்த எடை 70 சதவீதம் என்று வைத்தால் 6,700 கிலோ கறி.

இப்போது தொட்டி. விலங்கு செல் வளர்ப்பில் மருந்துத் துறை வழக்கமாகப் பயன்படுத்தும் பெரிய தொட்டி 20,000 லிட்டர் அளவு. லிட்டருக்கு 30 கிராம் என்றால் ஒரு ஈடுக்கு 600 கிலோ. சிறிய குடுவையிலிருந்து படிப்படியாகப் பெருக்கிக் கொண்டுவரும் நாட்களைத் தனி அறையில் கழித்துவிட்டாலும், பெரிய தொட்டியில் வளர, அறுவடை செய்ய, கழுவ, நீராவியில் கிருமி நீக்க என்று ஈடுக்கு 10 நாள் போகும். 42 நாளில் நான்கு ஈடு, 2,400 கிலோ. உங்கள் ஒரு ஷெட்டுக்கு ஈடு கொடுக்க மூன்று தொட்டி வேண்டும். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, கிருமி புகாத குழாய்கள், வடிகட்டிய காற்று வரும் அறை, பட்டம் படித்த ஆட்கள் என்று பட்டியல் நீளும். உங்கள் பக்கம் தகரக் கூரை, தேங்காய் நார்க் கழிவு, பக்கவாட்டுத் திரை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கோழியே. வெப்பத்தைச் சீராக்குவது, கழிவை வடிப்பது, ஆக்சிஜனை ஒவ்வொரு செல்லுக்கும் கொண்டுபோவது, கிருமியோடு சண்டை போடுவது, இத்தனையும் குஞ்சோடு சேர்ந்தே உங்கள் ஷெட்டுக்கு வந்துவிடுகிறது. தொட்டி வைத்திருப்பவர் இதில் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதிலும் கிருமி விஷயம் கொடுமையானது. ஒரு விலங்கு செல் இரண்டாக 24 மணி நேரம். ஈ கோலை போன்ற பாக்டீரியாவுக்கு 20 நிமிடம் போதும். செல் ஒருமுறை இரட்டிப்பதற்குள் பாக்டீரியா 72 முறை இரட்டிக்கலாம். ஒரு வால்வின் ரப்பர் வளையத்தில் கீறல் இருந்து ஒரே ஒரு பாக்டீரியா புகுந்தாலும் மறுநாள் 20,000 லிட்டரும் சாக்கடைக்குத்தான். உங்கள் ஷெட்டில் பத்துக் கோழி செத்தால் பத்துக் கோழிதான் நஷ்டம்.

2021-இல் டேவிட் ஹம்பர்ட் என்ற வேதிப் பொறியாளர் வெளியிட்ட கணக்கில், பெரிய ஆலையில் எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் கிலோவுக்கு 37 டாலர் உற்பத்திச் செலவு வந்தது. அன்றைய மதிப்பில் சுமார் 2,700 ரூபாய், ஆலை வாசலில். அதே ஆண்டு நெதர்லாந்தின் சிஇ டெல்ஃப்ட் ஆய்வு நிறுவனம் 2030-க்குள் 5.66 டாலர் வரை இறங்கலாம் என்றது. ஆனால் வளர்ச்சிக் காரணிகள் பல மடங்கு மலிவாகி, முதலீட்டாளர்களும் பணத்தைத் திரும்பக் கேட்காமல் நீண்ட காலம் பொறுத்திருந்தால்தான் அந்த விலை. எங்களுக்கு முதல் கணக்குதான் நிதானமாகப் படுகிறது.

ஆகவே ஷெட் போடுவதா வேண்டாமா என்பதை இந்தப் பயத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மக்காச்சோளம், சோயா விலை, வளர்ப்புக் கூலி, கடன் தவணைக்குள் எத்தனை ஈடு கிடைக்கும், இரண்டு ஈடுக்கு நடுவே கம்பெனி எத்தனை நாள் ஷெட்டைக் காலியாக விடுகிறது, இவற்றைப் பாருங்கள். பறவைக் காய்ச்சல் ஒருமுறை வந்தால் ஏற்படும் நஷ்டம், ஆய்வகக் கறியால் அடுத்த பத்தாண்டில் உங்களுக்கு வரக்கூடிய நஷ்டத்தைவிடப் பெரிது.

உயிரைக் கொல்லாத கறி என்கிறார்கள். ஆனால் கன்றின் ரத்தத்தில் வளர்ப்பதாகப் படித்தேன். எது சரி?
*வாசகி, மயிலாடுதுறை*

நீங்கள் படித்தது பழைய முறைக்குச் சரி. சினை மாடு இறைச்சிக்கூடத்துக்கு வரும்போது, வயிற்றிலிருக்கும் கருவின் இதயத்தில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, உறைய விட்டுப் பிரிக்கும் தெளிந்த நீர்தான் கன்றுக் கரு சீரம். செல் வளர்ப்பு ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாக இது வழக்கம், ஏனென்றால் எந்தச் செல்லுக்கும் என்ன தேவை என்று யோசிக்க வேண்டியதில்லை. 10 சதவீதம் ஊற்றினால் போதும். 2013 பர்கரும் இதில்தான் வளர்ந்தது.

வணிக உற்பத்தி இப்போது இதைக் கைவிட்டு வருகிறது. இரக்கம் ஒரு காரணம். பெரிய காரணம் விலையும், ஒரு தொகுதிபோல் அடுத்த தொகுதி இருக்காது என்பதும். சீரம் இல்லாத திரவத்துக்கு சிங்கப்பூர் 2023 ஜனவரியில் அனுமதி கொடுத்தது. சீரத்தை எடுத்துவிட்டால் அதற்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட வேண்டும்: இன்சுலின், இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின், அல்புமின், வளர்ச்சிக் காரணிகளான எஃப்.ஜி.எஃப்.-2, டி.ஜி.எஃப்.-பீட்டா. கடைசி இரண்டும் நானோகிராம் அளவில் சேர்த்தாலும் ஆய்வகத் திரவத்தின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும். எஃப்.ஜி.எஃப்.-2க்கு இன்னொரு குணம், 37 டிகிரியில் ஒரே நாளில் வலுவிழந்துவிடும். அதனால் வெப்பத்தைத் தாங்கும்படி மாற்றிய வடிவத்தை ஈஸ்ட்டிலோ பாக்டீரியாவிலோ செய்கிறார்கள்.

முதல் செல்லை எடுக்க விலங்கைக் கொல்ல வேண்டியதில்லை. மரத்துப்போகும் ஊசி போட்டு மிளகு அளவு தசை எடுத்தால் போதும். என்றாலும் கிடைப்பது இறைச்சியே. சைவம் ஆகாது. நம் நாட்டில் விற்பனைக்கு வந்தால் பாக்கெட்டில் அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம்தான் இருக்கும் என்பது எங்கள் கணிப்பு.

சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் செல் என்றால் புற்றுநோய்ச் செல்தானே? அதைத் தின்னலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி*

சாதாரண செல் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961-இல் ஹேஃப்ளிக் என்ற உயிரியலாளர் காட்டினார். தொழிலுக்கு அது போதாது என்பதால் வரம்பு கடந்து பெருகும் செல் வரிசைகளைப் பயன்படுத்துவது உண்மை. கோழிச் செல்லில் இது சில நேரம் தானாகவே நடக்கிறது. வரம்பு கடந்த எல்லாச் செல்லும் கட்டியாக வளராது. அதற்கு இன்னும் பல மாற்றங்கள் சேர வேண்டும். அறுவடையில் செல் செத்துவிடுகிறது, அடுப்பில் வெந்துவிடுகிறது, வயிற்றில் கரைந்துவிடுகிறது. கோழிச் செல் மனித உடலில் வேரூன்ற வழியே இல்லை. கவனிக்க வேண்டியவை வேறு: திரவத்தின் மிச்சம் கறியில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது, அறுவடை செய்த விழுதை எத்தனை நேரத்துக்குள் குளிரவைக்கிறார்கள், புது ஒவ்வாமைப் பொருள் எதுவும் சேர்ந்திருக்கிறதா.

சத்து பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். வைட்டமின் பி12-ஐ விலங்கு செல் தானாகச் செய்யாது. மாட்டின் வயிற்றிலுள்ள நுண்ணுயிரிகள் செய்து கொடுப்பது அது. தொட்டியில் வெளியிலிருந்து சேர்க்காவிட்டால் கறியில் இருக்காது. இரும்பும் அப்படியே.

உயிர்த்தொழில்நுட்பம் படிக்கிறோம். ஆட்டுத் தசைச் செல் வளர்ப்பை இறுதியாண்டு புராஜெக்டாக எடுத்திருக்கிறோம். இரண்டு முறையும் பூஞ்சை பிடித்துவிட்டது. எங்கே தவறுகிறது?
*கல்லூரி மாணவர்கள், கோயம்புத்தூர்*

பெரும்பாலும் தவறு ஆய்வகத்துக்கு வரும் முன்பே நடந்துவிடுகிறது. ஆட்டின் தோலும் மயிரும்தான் பூஞ்சையின் வீடு. தோலோடு சேர்த்து வாங்காதீர்கள். அறுத்த சூட்டில், தோல் உரித்த தொடையின் உள்பக்கத்திலிருந்து வெளிக்காற்று படாத தசையைக் கேட்டு வாங்குங்கள். உப்புத் தாங்கல் கரைசலில் பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசினோடு ஆம்ஃபோடெரிசின்-பி சேர்த்து, ஐஸ் பெட்டியில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். ஆம்ஃபோடெரிசின் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம். மற்ற இரண்டும் பாக்டீரியாவுக்கு மட்டுமே.

கேபினட்டுக்குள் துண்டை 70 சதவீத எத்தனாலில் அரை நிமிடம் முக்கி, கரைசலில் மூன்று முறை கழுவுங்கள். பிறகு வெளிப்புறம் முழுக்க அரை சென்டிமீட்டர் சீவி எறிந்துவிட்டு உள்தசையை மட்டும் எடுங்கள். கொழுப்பையும் வெள்ளை நாரையும் நீக்கி, வளைந்த கத்தரியால் 1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். 0.2 சதவீத கொலாஜனேஸ் டைப் 2-இல் 37 டிகிரியில் 60 முதல் 90 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குலுக்கி விட்டுச் செரிக்க வையுங்கள். 90-ஐத் தாண்டினால் செல்லின் மேற்பரப்புப் புரதங்கள் அரிக்கப்பட்டு அடியில் ஒட்டாது. 100 மைக்ரான், பிறகு 40 மைக்ரான் சல்லடை. 400 ஜி விசையில் பத்து நிமிடம் சுழற்றிப் படிவை எடுங்கள்.

அடுத்த படியை விடாதீர்கள். கிடைத்ததைப் பூச்சு இல்லாத தட்டில் ஒரு மணி நேரம் விட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் முதலில் ஒட்டிக்கொள்ளும். மேலே மிதப்பதை மட்டும் எடுத்து, கொலாஜன் அல்லது லாமினின் பூசிய குடுவைக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் இரண்டாவது வாரத்தில் குடுவை முழுக்க ஃபைப்ரோபிளாஸ்ட்தான் இருக்கும். பார்க்கச் செழிப்பாக இருக்கும், தசை நார் மட்டும் உருவாகாது. டி.எம்.ஈ.எம்./எஃப்-12 திரவத்தில் 20 சதவீத சீரம், மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 நானோகிராம் எஃப்.ஜி.எஃப்.-2 போதும். குடுவை 60, 70 சதவீதம் நிறைந்ததும் பிரித்துவிடுங்கள். செல்கள் ஒன்றையொன்று தொட ஆரம்பித்தால் பெருகுவதை விட்டுவிட்டு நாராக இணையத் தொடங்கிவிடும், திரும்பப் பெருகாது. நார் பார்க்க வேண்டிய குடுவையை மட்டும் 90 சதவீதம் நிறைய விட்டு, 2 சதவீத குதிரை சீரத்துக்கு மாற்றுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நாளில் பல உட்கருக்களோடு நீண்ட குழல்கள் தெரியும்.

இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டையும் பாருங்கள். வாரம் ஒருமுறை காய்ச்சி வடித்த நீரை மாற்றாவிட்டால் பூஞ்சை அங்கேயே குடியிருக்கும். திரவம் கலங்காமல், நிறமும் மாறாமல், செல் மட்டும் சோர்ந்து வளர்ந்தால் மைக்கோபிளாஸ்மாவைச் சந்தேகியுங்கள். சாதாரண நுண்ணோக்கியில் அது தெரியாது, பி.சி.ஆர். சோதனைதான் வழி. கிடைத்தால் குடுவையைக் காப்பாற்ற முயலாதீர்கள்.

75 சதுர சென்டிமீட்டர் குடுவை ஒன்றில் 30 லட்சம் செல் எடுத்தீர்கள் என்றால் அதன் எடை 10 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு. 100 கிராம் கறிக்கு இப்படி 11,000 குடுவை. புராஜெக்ட் அறிக்கையில் இந்தக் கணக்கைச் சேருங்கள், வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள். ருசி பார்க்கும் ஆசை வேண்டாம். அந்த வேதிப்பொருட்கள் எதுவும் உணவுத் தரத்தில் வாங்கியவை அல்ல.

வஞ்சிரத்தையும் ஆய்வகத்தில் வளர்க்கப் போகிறார்களாமே?
*வாசகர், ராமேஸ்வரம்*

கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2024 ஜனவரியில் நீட் மீட் பயோடெக் என்ற தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. வஞ்சிரம், வாவல் போன்ற விலை கூடிய மீன்களின் செல் வரிசையை உருவாக்குவது அரசு நிறுவனத்தின் வேலை. வளர்ப்புத் திரவம், சாரம், பெரிய அளவுக்குக் கொண்டுபோவது தனியாரின் வேலை. இது ஆராய்ச்சி நிலைதான், கடைக்கு வரும் சரக்கு அல்ல.

தொழில்நுட்பமாகப் பார்த்தால் மீன் சற்று எளிது. மீன் செல் 20 முதல் 28 டிகிரியில் வளரும், குறைந்த ஆக்சிஜனைத் தாங்கும், பெருகும் வரம்பைத் தானாகக் கடந்துவிடுவதும் அதில் அடிக்கடி நடக்கும். மீன் தசையில் நார் குட்டை, அடுக்கடுக்காக இருக்கும். ஆட்டுக்கறியைவிட அதைப் போலச் செய்வது சுலபம். அமெரிக்காவில் 2025-இல் வைல்ட்டைப் நிறுவனத்தின் சால்மனுக்கு வழி திறந்தது. ஆனால் மத்தி, நெத்திலி விலைக்கு இது எக்காலத்திலும் வராது. கரையில் கிலோ ஆயிரத்துக்கு மேல் போகும் மீன்களைக் குறிவைத்துத்தான் இந்த முயற்சிகள்.

இது ஹலால் ஆகுமா?
*வாசகர், காயல்பட்டினம்*

சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஃபத்வா குழு 2024 பிப்ரவரியில், செல் ஹலாலான விலங்கிலிருந்து வந்து, தயாரிப்பில் சேரும் பொருட்களும் விலக்கப்பட்டவை கலவாமல் இருந்தால் உண்ணலாம் என்று சொன்னது. 2023-இல் சவூதி அறிஞர்கள் மூவர் ஒரு நிறுவனத்துக்கு அளித்த கருத்தில் கூடுதலாக, அந்த விலங்கு ஷரீஅத் முறைப்படி அறுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. உயிரோடிருக்கும் பிராணியிலிருந்து வெட்டியெடுத்தது செத்ததற்குச் சமம் என்ற விதிதான் அதன் அடிப்படை. ஆக, தசைத் துணுக்கை உயிருள்ள ஆட்டிலிருந்து எடுத்தார்களா, சீரம் பயன்பட்டதா என்ற இரண்டையும் கேட்டுக்கொண்டு உங்கள் ஆலிமிடம் போங்கள். முடிவு அவர் சொல்ல வேண்டியது.

சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பது நிச்சயமா?
*வாசகி, சென்னை*

எந்தக் கறியோடு ஒப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மாட்டிறைச்சியோடு ஒப்பிட்டால் நிலமும் மீத்தேனும் மிச்சம். ஆனால் மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவில் சிதைந்துவிடும். தொட்டியை இயக்கும் மின்சாரம் நிலக்கரியில் வந்தால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு நூற்றாண்டுகள் தங்கும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2019-இல் இதைக் கணக்கிட்டு, மின்சாரம் சுத்தமாகாவிட்டால் நீண்ட காலத்தில் ஆய்வகக் கறியின் வெப்பமூட்டல் கூடுதலாகவும் ஆகலாம் என்றார்கள். கோழியோடு ஒப்பிட்டால் லாபம் இன்னும் மெலிகிறது. ஒன்றரைக் கிலோ தீவனத்தில் ஒரு கிலோ எடை போடும் பறவையைத் தோற்கடிப்பது கடினம். தொட்டிக்குப் போகும் குளுக்கோஸும் அமினோ அமிலமும் அதே மக்காச்சோளம், சோயாவிலிருந்துதான் வருகின்றன என்பதை இதை ஆதரித்துப் பேசுகிறவர்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை. தெளிவான நன்மை ஒன்று உண்டு: குடல் இல்லாததால் சால்மோனெல்லா வர வழி குறைவு, தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கமும் இல்லை.

சில நாடுகள் தடை செய்தது ஏன்?
*வாசகர், திருச்சி*

இத்தாலி 2023 நவம்பரில் தடை விதித்தது. மீறினால் 10,000 முதல் 60,000 யூரோ அபராதம். அமெரிக்காவில் புளோரிடாவும் அலபாமாவும் 2024-இல், டெக்சாஸ் 2025 செப்டம்பரிலிருந்து இரண்டு ஆண்டுக்கு. எல்லா இடத்திலும் முன்னால் நின்றது கால்நடை வளர்ப்போர் நலன். உணவுப் பாதுகாப்பில் கோளாறு கண்டுபிடித்து விதித்த தடை எதுவும் இதில் இல்லை. அங்கே கடையில் இல்லாத பொருளுக்கு இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தியாவில் இப்படி ஒரு நிறுவனம் தொடங்கி விற்க முடியுமா? யாரிடம் போக வேண்டும்?
*தொழில்முனைவோர், ஓசூர்*

தொடங்கலாம், ஆனால் விற்பனை அனுமதி பெற்ற ஆய்வகக் கறி எதுவும் இதை எழுதும்வரை இங்கே இல்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2017 ஆம் ஆண்டு விதிமுறைகளில், முன்பு வழக்கத்தில் இல்லாத உணவுக்கு முன் அனுமதி பெறும் வழி இருக்கிறது. செல் எங்கிருந்து எடுத்தது, தயாரிப்பு முறை, நச்சுத்தன்மை மற்றும் ஒவ்வாமைச் சோதனை முடிவுகள், வேறு நாடுகளில் அனுமதி நிலை ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். உயிரித் தொழில்நுட்ப உற்பத்திக்கான மத்திய அரசின் 2024 பயோ-இ3 கொள்கையில் மாற்றுப் புரதங்களுக்கு இடம் இருப்பதால் ஆராய்ச்சி நிதிக்கு உயிரித் தொழில்நுட்பத் துறையை அணுகலாம்.

முழுக் கறியில் இறங்க வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. திரவத்துக்கான வளர்ச்சிக் காரணிகளை ஈஸ்ட்டில் மலிவாகச் செய்து கொடுப்பது, உணவுத் தர அமினோ அமிலக் கலவை, தாவரச் சாரம், இவற்றுக்கு உலகம் முழுக்க வாங்க ஆள் இருக்கிறது, 20,000 லிட்டர் தொட்டியும் தேவையில்லை. எஃப்.ஜி.எஃப்.-2 விற்கப்போவதாக இருந்தால் முதல் நாளிலிருந்தே இரண்டு எண்களைக் கையில் வைத்திருங்கள்: ஒரு கிராமின் விலை, 37 டிகிரியில் 24 மணி நேரத்துக்குப் பின் மிஞ்சும் செயல்திறன் சதவீதம். வாங்க வருபவர் கேட்கும் முதல் இரண்டு கேள்வியும் அவைதான்.